மண்ணுக்கடியில் உள்ள கணக்கு யார் கையில்?

பஞ்சாலைக்குப் புதிய கட்டிடம் எழும்புகிறது. ஆற்றின் குறுக்கே பாலம் வருகிறது. நகரத்தில் மெட்ரோ ரயிலுக்கு அந்தரத்தில் பாதை போடுகிறார்கள். இவையெல்லாம் எதன் மேல் நிற்கின்றன? கண்ணுக்குத் தெரியும் தூணின் மேல் என்போம். சரி, அந்தத் தூண் எதன் மேல் நிற்கிறது? மண்ணுக்குள் பத்து, இருபது, முப்பது மீட்டர் ஆழம் இறங்கியிருக்கும் கான்கிரீட் தூண்களின் மேல் நிற்கிறது. வேலைத்தளத்தில் அதைத்தான் 'பைல்' என்கிறார்கள்.

பூமியில் துளை போடுகிறார்கள். கம்பிக்கூட்டை இறக்குகிறார்கள். கான்கிரீட் ஊற்றுகிறார்கள். மூடிவிடுகிறார்கள். அதோடு சரி. அதன் பிறகு எந்த மனிதக் கண்ணும் அந்தத் தூணின் அடியைப் பார்ப்பதில்லை. சுவரில் வெடிப்பு விட்டால் தெரியும். கூரை ஒழுகினால் தெரியும். பைலின் அடியில் சேறு இருக்கிறதா, பாறை இருக்கிறதா என்பது யாருக்குத் தெரியும்? காகிதத்துக்குத் தெரியும்! காகிதத்தில் கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியும். துளையின் அருகே நின்று வேலை செய்த தொழிலாளிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை.

பைலின் அடியிலேயே ஒரு அழுத்தமானியைப் பதித்துவிடலாம். மண்ணுக்கடியில் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதை அது மேலே நிற்பவனுக்குச் சொல்லும். இது கற்பனை அல்ல. பல ஆண்டுகளாக உலகில் நடந்துவரும் காரியம். இப்படிப்பட்ட கருவியைப் பெரிய கட்டிடங்களிலும் பாலங்களிலும் பதிக்க வேண்டும். அது சொல்லும் கணக்கு, அங்கே உழைப்பவர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றொன்றால் பயனில்லை. ஏன் என்று பார்ப்போம்.

பக்கமும் அடியும்

சேற்று வயலில் ஒரு முளைக்கம்பை அடித்துப் பாருங்கள். பாதி இறங்கியதுமே அது நின்றுவிடுகிறது. பிடுங்கினால் லேசில் வராது. ஏன்? சுற்றிலும் உள்ள மண் அதைக் கவ்விப் பிடித்திருக்கிறது. அதே கம்பு ஆழத்தில் ஒரு கல்லைத் தொட்டுவிட்டால், பிறகு எவ்வளவு அடித்தாலும் இறங்காது. அப்போது கல் அதைத் தாங்குகிறது.

பைலும் இப்படித்தான். அதன் மேல் விழும் பாரத்தில் ஒரு பகுதியைப் பக்கத்து மண் கவ்விப் பிடிக்கிறது. மீதி, அடியில் போய் இறங்குகிறது. பக்கம் எவ்வளவு, அடி எவ்வளவு? பைல் வேலையின் முழு ரகசியமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தின் கட்டிட ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விட்டேக்கர், குக் என்ற இருவர், லண்டன் நகரின் வெம்ப்ளியில் களிமண்ணில் பெரிய பைல்களைப் போட்டு, அடியில் பாரமானி வைத்து அளந்தார்கள். முடிவுகள் 1966ல் வெளிவந்தன. அவர்கள் கண்டது என்ன? தூணின் குறுக்களவில் சுமார் அரை சதவீதம் இறங்கினாலே பக்கத்து மண் தன் முழுப் பலத்தையும் கொடுத்துவிடுகிறது. ஆனால் அடி தன் முழுப் பலத்தையும் கொடுக்க, அடிப்பகுதியின் குறுக்களவில் பத்து முதல் இருபது சதவீதம் வரை தூண் இறங்க வேண்டியிருக்கிறது.

ஒரு மீட்டர் குறுக்களவுள்ள தூணை எடுத்துக் கொள்ளுங்கள். அது 5 மில்லிமீட்டர் இறங்கும்போது பக்கம் தன் வேலையை முழுவதும் செய்து முடித்துவிடும். அடி முழு வேலை செய்ய 100 முதல் 200 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். 200 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு சாண்! கட்டிடம் ஒரு சாண் இறங்கினால் அதன் கதி என்ன?

ஆகவே, நல்ல களிமண்ணில் நிற்கும் தூணில் அடியில் பாரம் குறைவாக இருப்பது குற்றமல்ல. பக்கம் சுமக்கிறது என்று அர்த்தம். ஆனால் நாளாக நாளாக, மேலே பாரம் கூடாமலேயே அடியில் பாரம் ஏறிக்கொண்டு போனால்? பக்கத்து மண் கைவிடுகிறது என்று அர்த்தம். பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்டியிருக்கலாம். நிலத்தடி நீரை உறிஞ்சியதில் மண் அமுங்கித் தூணைக் கீழே இழுக்கலாம். சுவர் வெடித்துக் காட்டுவதற்கு முன்பே இந்தச் சேதியைத் தரக்கூடிய இடம் அடிதான். அங்கே ஒரு காவல்காரனை வை என்கிறோம்.

மேலே வைத்துச் சோதித்தால் போதாதா?

"பைலைத்தான் பாரம் ஏற்றிச் சோதிக்கிறோமே" என்பார்கள். உண்மைதான். இந்தியத் தர நிர்ணயம் 2911 அதற்கு விதி சொல்கிறது. வேலையில் பயன்படும் பைல்களில் குறைந்தபட்சம் அரை சதவீதத்தைச் சோதிக்க வேண்டும். தேவையானால் இரண்டு சதவீதம் வரை போகலாம். 200 பைல் போட்டால் அரை சதவீதம் என்பது எத்தனை? ஒன்று! மீதி 199?

அது மட்டுமல்ல. உச்சியில் பாரம் ஏற்றினால், தூண் மொத்தமாக எவ்வளவு இறங்கியது என்பது தெரியும். பக்கம் எவ்வளவு தாங்கியது, அடி எவ்வளவு தாங்கியது என்று பிரித்துச் சொல்லாது. சோதனை ஒரு நாள், இரண்டு நாள் கூத்து. கட்டிடம் ஐம்பது ஆண்டு நிற்க வேண்டியது. சோதனை முடிந்த மறுநாள் முதல் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதை யார் பார்க்கிறார்கள்?

கருவி எப்படி வேலை செய்கிறது?

இதை ஏதோ மாயமந்திரம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு எஃகுத் தகடுகள். ஓரத்தைச் சுற்றிப் பற்றவைத்து, நடுவே எண்ணெய் நிரப்பியிருக்கிறார்கள். தகட்டை அழுத்தினால் எண்ணெய் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் ஒரு சிறு குழாய் வழியாகப் போய் மெல்லிய சவ்வுத் தகட்டைத் தள்ளுகிறது. சவ்வோடு ஒரு எஃகுக் கம்பி விறைப்பாகக் கட்டப்பட்டிருக்கிறது. சவ்வு நகர்ந்தால் கம்பியின் விறைப்பு மாறுகிறது.

மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பாவு நூலை விரலால் தட்டிப் பார்த்து, விறைப்பு சரியா, தொய்வா என்று சொல்லக்கூடியவர் அவர். கருவியும் அதைத்தான் செய்கிறது. மின்காந்தத்தால் கம்பியைத் தட்டி, அது விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று எண்ணுகிறது. அந்த எண்ணிலிருந்து அழுத்தம் கணக்காகிறது. அதிர்வின் எண்ணிக்கைதான் சேதியாதலால் நீண்ட கேபிள் வழியே வந்தாலும் கெடுவதில்லை.

கணக்கும் எளிது. ஒரு மீட்டர் குறுக்களவுள்ள தூணின் அடிப்பரப்பு 0.785 சதுர மீட்டர். கருவி சதுர மீட்டருக்கு 100 டன் என்று காட்டினால், அடியில் விழும் பாரம் 78.5 டன். மேலிருந்து 300 டன் இறங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். மீதி 221.5 டன்னைப் பக்கத்து மண் தாங்குகிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு! இதைத் தொழிலாளிக்குப் புரியாது என்று சொல்பவர்கள், புரிந்துவிடுமே என்று அஞ்சுகிறவர்கள்.

பதிப்பதில் தொழிலாளியின் பங்கு

கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. பதிப்பதில் அது கெட்டுப்போக ஆயிரம் வழி உண்டு. முதலாவது, துளையின் அடி. துளை இடிந்து விழாமலிருக்கப் பெண்டோனைட் சேற்று நீரை நிரப்புகிறார்கள். பானையின் அடியில் வண்டல் தங்குவதைப் போல், துளையின் அடியிலும் மண்ணும் சேறும் தங்குகின்றன. அதைக் கழுவி எடுக்காமல் கான்கிரீட் ஊற்றினால், தூண் மெத்தையின் மேல் நிற்கிற மாதிரிதான். குண்டு கட்டிய டேப்பைத் துளை போட்டதும் ஒரு தடவை இறக்கு. கான்கிரீட் ஊற்றுவதற்குச் சற்று முன் இன்னொரு தடவை இறக்கு. இரண்டு ஆழமும் வேறுபட்டால் அந்த வித்தியாசம்தான் வண்டல். டேப்பைப் பிடிப்பது யார்? தொழிலாளி. "பரவாயில்லை, ஊற்று, லாரி காத்திருக்கிறது" என்று விரட்டுவது யார்? அதை வாசகர்களே சொல்லிக் கொள்ளட்டும்.

இரண்டாவது, கருவி. அதைக் கம்பிக்கூட்டின் அடியில் உள்ள தகட்டோடு பிணைக்கிறார்கள். அது அடி மண்ணோடு முழுக்கப் பொருந்த வேண்டும். இடைவெளி விட்டால் பொய் சொல்லும். தூணுக்கு உள்ளே இறக்குவதற்கு முன்பும், இறக்கிய பின்பும், கான்கிரீட் ஊற்றிய பின்பும் அளவு எடுத்து எழுத வேண்டும். முதல் அளவு தவறானால் பிறகு வரும் எல்லா அளவும் தவறுதான். கான்கிரீட் இறுகும்போது சூடேறுகிறது, ஆறும்போது சுருங்குகிறது. அந்தச் சூட்டையும் கூடவே அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும். பெரிய அடிப்பரப்பில் ஒரே ஒரு சிறு கருவி இருந்தால் அது தன் இடத்துச் சேதியை மட்டும்தான் சொல்லும். ஒன்றுக்கு மேல் வைப்பதே உத்தமம்.

மூன்றாவது, கேபிள். அதைப் பிரதான கம்பியோடு தளர்வாகக் கட்டிக் கொண்டுவர வேண்டும். கான்கிரீட் இறங்கும் குழாய் இடித்து நசுக்காமல் பார்க்க வேண்டும். எல்லாம் நன்றாக முடிந்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. பைலின் தலையை உடைத்துச் சரிசெய்கிற நாளில், உடைக்கும் ஆளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் என்ன ஆகும்? உடைப்பானின் ஒரே ஒரு குத்தில் கேபிள் அறுந்துவிடும். முப்பது மீட்டர் ஆழத்தில் கருவி உயிரோடு இருக்கும்; அதன் குரல் மட்டும் மேலே வராது.

கம்பி கட்டுகிறவர், கூடு இறக்குகிறவர், தலை உடைக்கிறவர் ஆகிய மூவரின் கையில் இருக்கிறது அந்தக் கருவியின் உயிர். அப்படியிருக்க, அது என்ன கருவி, எதற்கு வைக்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்லாமலிருப்பது என்ன புத்திசாலித்தனம்?

மூன்று நகரங்களின் பாடம்

பைல்கள் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதற்கு உலகம் பாடம் கற்பித்திருக்கிறது.

ஹாங்காங்கில் யுயென் சௌ கோக் என்ற இடத்தில் சாதாரணக் குடும்பங்களுக்கென 34 மாடி வீடுகள் கட்டப்பட்டன. பைல்கள் காகிதத்தில் இருந்த ஆழத்துக்குப் போகவில்லை என்பது 1999-2000ல் அம்பலமாயிற்று. சிலவற்றில் 15 மீட்டர் வரை குறைவு! குடியேறுவதற்கு முன்பே இரண்டு கட்டிடங்களை இடித்துத் தள்ள நேர்ந்தது. வீட்டுவசதி வாரியத்தின் தலைவர் 2000 ஜூனில் பதவி விலகினார். காகிதம் ஒன்று சொல்லிற்று. மண் வேறொன்று சொல்லிற்று.

ஷாங்காயில் 2009 ஜூன் 27 அன்று, கட்டி முடியும் தறுவாயில் இருந்த 13 மாடிக் கட்டிடம் ஒன்று வேரோடு பெயர்ந்த மரம்போல் முழுசாகச் சாய்ந்தது. ஒரு பக்கம் கீழ்த்தளத்துக்காக 4.6 மீட்டர் ஆழம் தோண்டினார்கள். அந்த மண்ணை மறுபக்கம் 10 மீட்டர் உயரத்துக்குக் குவித்தார்கள். பக்கவாட்டில் வந்த தள்ளுதலில் பைல்கள் முறிந்தன. அங்கே வேலை செய்த ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அடியில் வைக்கும் அழுத்தமானி ஒன்றே பக்கவாட்டுத் தள்ளுதல் அனைத்தையும் காட்டிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அதற்குச் சாய்வை அளக்கும் கருவி வேறு உண்டு. பூமிக்குள் நடப்பதை அளக்காமல் மண்ணைப் புரட்டக் கூடாது என்பதுதான் பாடம்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2009ல் திறந்த 58 மாடி மிலேனியம் டவரின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. அதன் பைல்கள் பாறையைத் தொடவில்லை. மேலே உள்ள மணல் அடுக்கோடு நின்றன. கட்டிடம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறங்குகிறது என்பதை நகரக் கட்டிட இலாகா 2009லேயே கடிதம் எழுதிக் கேட்டது. லட்சக்கணக்கில் டாலர் கொடுத்து வீடு வாங்கியவர்களுக்கு விஷயம் பகிரங்கமானது எப்போது? 2016ல்! அதற்குள் கட்டிடம் சுமார் 16 அங்குலம் இறங்கிச் சாய்ந்திருந்தது. பிறகு பாறைவரை 18 புதிய பைல்களை இறக்கினார்கள். 2023ல் அந்த வேலை முடிந்தது.

இங்கே அளவு இல்லாமல் போகவில்லை. அளவு இருந்தது, சிலரிடம் மட்டும் இருந்தது. பணக்காரர்களுக்கே இந்தக் கதி என்றால், பஞ்சாலையில் மூன்றாவது ஷிப்டில் நிற்கிறவனுக்கும், பாலத்தின் கீழ் குடிசை போட்டிருப்பவனுக்கும் யார் கடிதம் எழுதப் போகிறார்கள்?

நம்மூர்க் கணக்கையும் மறக்க வேண்டாம். சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பிழைப்புத் தேடி வந்த ஆந்திர, ஒடிசாத் தொழிலாளர்களும் நம் தொழிலாளர்களும் அதில் சேர்ந்து புதைந்தார்கள். அதைப் பைல் பிழை என்று நான் சொல்லவில்லை. கட்டிடம் சரிந்தால் முதலில் புதைகிறவன் யார் என்பதற்குத்தான் அதைச் சொல்கிறேன். உயிரைக் கொடுக்க முதலில் நிற்பவனுக்கு உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமையில் கடைசி இடமா?

மூன்று ஆட்சேபணைகள்

"செலவு கூடும்" என்பது முதல் ஆட்சேபணை. எல்லாப் பைலிலும் வைக்கச் சொல்லவில்லை. மண் மோசமான இடங்களில், பாரம் அதிகம் விழும் இடங்களில், பொறுக்கி எடுத்துச் சிலவற்றில் வைத்தால் போதும். இரண்டு 34 மாடிக் கட்டிடங்களை இடித்த செலவு யார் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.

"கணக்கை வெளியிட்டால் பீதி பரவும்" என்பது இரண்டாவது. பீதி எப்போது பரவுகிறது? வெடிப்பைக் கண்ட பிறகு, காரணம் தெரியாத போது. பஸ்ஸில் டிரைவருக்கு முன்னால் வேகம் காட்டும் முள் இருக்கிறது. அதைப் பார்த்து எந்தப் பயணியும் பஸ்ஸிலிருந்து குதித்ததில்லை.

மூன்றாவது ஆட்சேபணை நம் தொழிலாளர்களிடமிருந்தே வரும். "அளவு தவறாக வந்தால் துளையைச் சரியாகக் கழுவவில்லை என்று நம் தலையில் பழி போடுவார்கள், கூலியைப் பிடிப்பார்கள்." நியாயமான பயம். இதற்கு மருந்து கருவியைத் தடுப்பதில் இல்லை. எத்தனை மணிக்குத் துளை முடிந்தது, டேப் என்ன காட்டிற்று, எத்தனை மணிக்கு யார் ஊற்றச் சொன்னார்கள் என்பதெல்லாம் ஒரே பதிவில் ஏற வேண்டும். அப்போது பழி எங்கே போக வேண்டுமோ அங்கே போய்ச் சேரும். முழுப் பதிவு தொழிலாளிக்குக் கவசம். அரைப் பதிவுதான் அவனுக்கு விலங்கு.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: எந்த பைலில் கருவி வைப்பது என்பதை வேலை எடுத்த கான்ட்ராக்டர் முடிவு செய்யக் கூடாது. அவரிடம் சம்பளம் வாங்காத இஞ்சினீயர் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு: கான்கிரீட் ஊற்றும் முன் அடி ஆழத்தை இரண்டு தடவை அளந்து, வேலை செய்யும் குழுவின் பிரதிநிதியும் கையெழுத்திட வேண்டும். வண்டல் இருக்கும்போது ஊற்ற மறுப்பவருக்கு வேலை போகக் கூடாது.

மூன்று: கூடு இறக்குகிறவர்களுக்கும் தலை உடைக்கிறவர்களுக்கும் கருவியைப் பற்றி அவரவர் மொழியில், வேலை நேரத்திலேயே, கூலியோடு சொல்லித் தர வேண்டும்.

நான்கு: முதல் அளவு, ஊற்றிய பின் அளவு, ஒவ்வொரு மாடி ஏறும்போதும் அளவு, பிறகு ஆண்டுதோறும் அளவு என எல்லாவற்றையும் வாசலில் பலகை வைத்துத் தமிழில் எழுத வேண்டும்.

ஐந்து: எந்த அளவைத் தாண்டினால் வேலை நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். தாண்டினால் ஆட்களை வெளியேற்ற வேண்டும். அந்த நாட்களின் கூலி கொடுக்கப்பட வேண்டும்.

ஆறு: கட்டிடம் நிற்கும் காலம் வரை பதிவு சர்க்கார் இலாகாவில் இருக்க வேண்டும். கேட்கிறவனுக்கு நகல் கிடைக்க வேண்டும்.

இவற்றில் எது முடியாத காரியம்? ஒன்றுமில்லை. கருவி இருக்கிறது. கணக்கு இருக்கிறது. பதிக்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. அந்தக் கைகள் கேட்கத் தொடங்குவதுதான் பாக்கி. அடுத்த தடவை துளையின் ஓரத்தில் நின்று டேப்பை இறக்கும் தோழர், அது காட்டும் ஆழத்தைத் தன் சட்டைப்பையில் உள்ள சிறு நோட்டில் தேதி போட்டு எழுதிக் கொள்ளட்டும். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.